முதல் லாரியின் பாஸ்பரஸ்

ஓமானில் சோஹாரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாக இறக்கவிடாமல் என்னைப் படுத்தியது ஒரு பூஜ்யம். கல்லில் இருக்கும் பாஸ்பரஸ் சதவீதத்தில் புள்ளிக்குப் பிறகு இரண்டு பூஜ்யம் வந்தால் கல் நல்ல கல். ஒன்றுதான் வந்தது என்றால் கெட்ட கல். ஒரே மலையில் ஒரே நாளில் வெட்டி ஒரே லாரியில் வந்த கல், காலையில் அரைத்துப் பார்த்தால் ஒரு பூஜ்யமும் மத்தியானம் அரைத்துப் பார்த்தால் இரண்டு பூஜ்யமும் காட்டியது. கெமிஸ்ட்ரி படித்தவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? நான் முழித்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம் முழித்தேன்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஓடியிருந்தது. ஊருக்குப் பின்னால் தெரியும் கருத்த மலைகளில், எவர்சில்வருக்குச் சேர்க்கும் குரோமியம் கலந்த கல் கிடந்தது. அதுவரை அதை வெட்டி அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும் என்ற யோசனை ஓமான்காரர்களுக்கு வந்திருந்தது. நம்முடைய கல்லை நாமே உருக்குவோம் என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உலை கட்டத் தொடங்கினார்கள். உலை எழும்பும் முன்பே ஒரு தகரக் கொட்டகையில் லேப் வந்துவிட்டது. அந்த லேபுக்கு வந்த கெமிஸ்ட் நான். சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தின் லேபில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். கல் எங்கே போனாலும் கல்தானே என்ற தைரியத்தில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

என் வேலை இதுதான். ஐந்து குவாரிகள் தினமும் காலையில் ஆளுக்கொரு லாரி கல் அனுப்பும். மூன்று மாதம் ஒவ்வொரு லாரியையும் சோதித்து, பாஸ்பரஸ் அளவுக்குள் இருக்கும் குவாரிகளை மட்டும் உலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பாஸ்பரஸ் கொஞ்சம் கூடினாலும் அந்த உலோகம் சேரும் எஃகு உடையும், வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். காலையில் வரும் எண்தான் கணக்கு, அதை நானே மேனேஜருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்கு குவாரிகள் பெரிய கம்பெனிகளுடையவை. ஐந்தாவது ஒரு தனி ஆளுடையது. ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, தலையில் பூப்போட்ட குல்லா. எல்லோரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார். பலமுறை திருத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. அவருக்கு நல்ல இந்தி வரும். முதல் நாளே என் மேஜை மேல் காவா என்கிற அரபிக் காப்பி ஃபிளாஸ்கையும் பேரீச்சம்பழத் தட்டையும் வைத்துவிட்டு, லேபில் கிடந்த ஒரு ஸ்டீல் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"என் அப்பா காலத்துல அந்த மலையில ஆடு மட்டும்தான். இப்போ கல் கப்பல்ல போகுது, கரண்டியா திரும்பி வருது. அதை இங்கயே செஞ்சா என்ன டாக்டர்?"

"அதுக்குத்தானே உலை கட்டறாங்க, அர்பாப்."

"என் கல்லை எடுத்துப்பாங்களா?"

அதுதான் அவருக்குக் கேள்வி. கப்பலில் வாங்குகிறவர்கள் சின்ன குவாரிகளிடம் வாங்குவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உலை எடுத்துக்கொண்டால் அவர் குவாரி பிழைக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்த கையோடு லாரியைக் கிளப்பிவிடுவார். கேட் திறக்கும்போது முதல் லாரி எப்போதும் அவருடையதாகவே இருக்கும். முதலாவதாக வந்து நிற்பது மரியாதை என்று நினைத்தார். நானும் அதை மெச்சினேன்.

சாம்பிள் அறையில் இருந்தவர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள். கேம்ப்பில் தங்கியிருந்தார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். லாரியில் பத்து இடத்தில் கல் எடுத்து, உடைத்து, குவித்து, குவியலை நாலாகப் பகுத்து, எதிரெதிர் இரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளி, திரும்பக் குவித்து, திரும்பப் பகுத்து, கடைசியில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கொண்டுவந்து மில்லில் போட்டு மாவாக்கி எனக்குத் தருவார். ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிறகு மில்லைச் சுத்த மணல் போட்டு ஓட்டிக் கழுவுவார். அவரைப்போல் சுத்தக்காரரை நான் பார்த்ததில்லை. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஏதோ கோயிலுக்குள் போகிறவர் மாதிரிதான் அந்த அறைக்குள் போவார். அதனால் அவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் மாதம் முடிவதற்குள் நான்கு கம்பெனிக் கல்லும் தேறிக்கொண்டிருந்தது. அர்பாப் கல் மட்டும் நாள் தவறாமல் ஃபெயிலானது. நான் எண்ணைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

"அந்த பாஸ்பரஸ் எப்படி இருக்கும்? காட்டுங்க டாக்டர்."

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததை என் மலையில யார் கொண்டுவந்து வெச்சது?"

எனக்கும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் குவாரிக்கே போனேன். வாதி என்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்குள் அரைமணி நேரம் வண்டி குலுங்கிக்கொண்டு போனது. குவாரியின் அடியிலேயே, உடைத்த கல் குவியலுக்கு நாலடி தள்ளி, ஆட்டுப்பட்டி. நாற்பது ஐம்பது ஆடுகள் இருக்கும். அவருடைய மனைவியின் ஆடுகள், கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மா வளர்த்துவந்த மந்தை. சில நாள் அதே லாரியில் ஆடுகளைச் சந்தைக்கும் ஏற்றிப் போவார்களாம்.

எனக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. சாணத்தில் பாஸ்பரஸ் உண்டு, இது பள்ளிக்கூடப் பாடம். அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆட்டுப் புழுக்கை கல்லில் கலக்கிறது, மந்தையைக் குவாரியை விட்டு அகற்ற வேண்டும், லாரியைக் கழுவ வேண்டும். கையெழுத்தும் போட்டேன். அவர் அதை மருந்துச் சீட்டு வாங்குகிற மாதிரி வாங்கி, டிஷ்டாஷா அங்கியின் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரே வாரத்தில் ஆடுகள் போய்விட்டன. வாதியில் பக்கத்தில் வேறு மேய்ச்சல் இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டாராம். லாரியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, குவியலின் மேல் கல்லை ஒதுக்கிவிட்டு மலையிலிருந்து புதுக் கல் வெட்டி அனுப்பினார். மறுநாள் காலை நானே எடுத்துப் பார்த்தேன். ஒரு பூஜ்யம்தான்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அன்று மத்தியானம், மீதம் வைத்திருந்த உடைத்த கல்லை மறுபடி அரைத்துத் தரச் சொன்னேன். இரண்டு பூஜ்யம். அமிலத்தை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். தராசைக் கழற்றித் துடைத்தேன். காலையில் ஏசி அதிகக் குளிராக இருக்கிறதோ என்று அதைக்கூட அணைத்துவிட்டு வியர்வையில் நனைந்துகொண்டு சோதித்தேன். காலையில் கெட்ட கல், மத்தியானம் நல்ல கல். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒடிசாக்காரர், குரோமியக் கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர். "அச்சா, காலையில என்ன வந்ததோ அதை எழுது. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஒருநாள் அர்பாப் லாரி வழியில் டயர் வெடித்து மூன்றாவதாக வந்தது. அன்று அவர் கல் தேறியது. முதலில் வந்த பெரிய கம்பெனிக் கல் ஃபெயிலானது. நான் என்ன நினைக்க வேண்டும்? கொஞ்சம் மூளை இருக்கிறவன் நினைத்திருக்க வேண்டியதை நான் நினைக்கவில்லை. லேபிள் மாறிவிட்டது என்று முடிவுகட்டினேன். சாம்பிள் அறைக்குப் போய் அந்த மனிதரைப் பிடித்து உலுக்கினேன்.

"லேபிளை மாத்தி ஒட்டினீங்களா?"

"இல்ல சார். நா எப்புடி மாத்துவேன்?"

"பின்ன எப்படிங்க அவர் கல்லு ஒரே நாள்ல நல்ல கல்லாச்சு?"

"எனக்கென்ன சார் தெரியும். சத்தியமா மாத்தல சார்."

அவர் சொன்னதை நம்பாமல், இரண்டு எண்களையும் என் பேனாவால் இடம் மாற்றி எழுதினேன். நல்ல எண்ணைக் கம்பெனிக்கும் கெட்ட எண்ணை அர்பாப்புக்கும் கொடுத்தேன். திருத்திவிட்ட திருப்தியோடு டீ குடித்தேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிவுப் பட்டியல் போக நான்கு நாள் இருக்கும்போது மகளின் பள்ளி பஸ் வரவில்லை. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்கு வந்ததில் வழக்கத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். சாம்பிள் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மில்லின் மூடியில் மூன்று விரலால் பட்டை போட்டார். பிறகு மூடியைத் திறந்து, சின்ன டப்பாவிலிருந்து தாராளமாக ஒரு சிட்டிகை விபூதி எடுத்து, கண்ணை மூடி, கிண்ணத்துக்குள் தூவினார். அதன்மேல் அர்பாப்பின் கல்லைக் கொட்டி மூடி, பொத்தானை அழுத்தினார்.

மில்லின் சத்தத்தில் எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது.

அந்த மில் பெட்டியில் வந்து இறங்கிய நாள். பெட்டியைப் பிரித்ததும் மனைவி கட்டிக் கொடுத்த பொட்டலத்திலிருந்து விபூதி எடுத்து மில்லுக்குப் பட்டை போட்டவன் நான். கிண்ணத்துக்குள் ஒரு சிட்டிகை போட்டவனும் நான். புது மிஷின், புது ஊர், நல்லபடியாக ஓடட்டும் என்று போட்டேன். ஆயுத பூஜைக்கு வளர்ந்த கை, போடாமல் இருக்காது. பொட்டலத்தை அவரிடமே கொடுத்தேன். அவர் கேட்டார்:

"தெனமும் போடணுமா சார்?"

நான் மில்லோடு வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "போடுங்க, நல்லதுதானே" என்றேன்.

அவர் போட்டார். கெமிஸ்ட் சொன்னதை ஒருநாள் விடாமல் செய்தார். காலையில் முதல் அரைப்புக்கு மட்டும்தான் விபூதி. அதற்குப் பிறகு மணல் போட்டுக் கழுவிவிடுவார், அடுத்த கல்லுக்கு அதன் தூசுகூட ஒட்டாது. முதல் கல் எப்போதும் அர்பாப் கல். சீக்கிரம் வந்ததற்கு அர்பாப்புக்குக் கிடைத்தது அதுதான்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அந்த விபூதி எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடையில விக்கற சுண்ணாம்புப் பொடின்னு நெனச்சீங்களா? அசல். சாணத்தை உருட்டிக் காயவெச்சுச் சுட்டது" என்றாள். போலி விபூதியாக இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் தப்பித்திருப்போம். மறுநாள் அதையே தராசில் நிறுத்து, அமிலத்தில் கரைத்துச் சோதித்தேன். பாஸ்பரஸ் வந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. சாம்பிள் அறையில் கலப்படம் என்று எழுதினால் அந்த மனிதரை அடுத்த ஃபிளைட்டில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். எழுதாமல் விட்டால் அர்பாப்பின் குவாரி போய்விடும். இதில் யார் எந்தத் தப்பைச் செய்தார்கள் என்று எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. சாம்பிள் அறைக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் விபூதி டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப, சாமி கும்பிட்டது தப்பா சார்?"

"இல்லீங்க."

"பின்ன எது சார் தப்பு?"

இந்தத் தடவை தெரியவில்லை என்றே சொன்னேன். லேபிள் விஷயத்தில் அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டில் கெமிஸ்ட்டின் தவறான உத்தரவால் முதல் சாம்பிள்கள் கெட்டுப்போயின என்று எழுதினேன். எண்களை இடம் மாற்றியதையும் எழுதினேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். என்ன உத்தரவு என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு அர்பாப்பின் பத்து லாரிக் கல்லை, மீதம் வைத்திருந்ததிலிருந்து எடுத்து, தன் கண் முன்னால் அரைக்கச் சொன்னார். பத்தும் தேறின. எனக்கு வேலை தங்கியது, வருஷ உயர்வு போனது. அந்த மனிதரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் ஐந்தாவதாக அர்பாப் பெயர் ஏறியது.

நல்ல செய்தியைச் சொல்ல நானே வாதிக்குப் போனேன். அவர் வீடு குவாரிக்கு எதிரில். முன்னறையில் பாயில் உட்கார்ந்தோம். கல்லை எடுத்துக்கொண்டார்கள் என்றதும் இரண்டு கையையும் முகத்தில் தடவி இறைவனுக்கு நன்றி சொன்னார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. விபூதி விஷயம் முழுவதையும் இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. விரலால் பாயில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தார்.

"அப்போ என் கல் முதல் நாளிலேர்ந்து சுத்தம்."

"ஆமாம்."

"ஆடுங்களும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காவாவை என் கோப்பையில் ஊற்றிவிட்டு, "இதை என்னால உள்ள போய்ச் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து வாசற்படியில் நின்றார். நான் இந்தியில் சொல்லச் சொல்ல அர்பாப் அரபியில் மாற்றிச் சொன்னார். அந்த அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சாம்பலை எதுல செய்யறாங்கன்னு கேக்கறா" என்றார் அர்பாப்.

"மாட்டுச் சாணம்" என்றேன்.

அவர் அதை உடனே மாற்றிச் சொல்லவில்லை. பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து, பிரித்து, எங்கள் இருவருக்கும் நடுவில் பாயில் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பிறகுதான் சொன்னார். அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே காலிப் பட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஊரில் காவா போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் போதும் என்று அவருக்கு நான் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் கோப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் ஊற்றினார். குடித்தேன். திரும்பவும் ஊற்றினார்.